அக்கரைக் கம்பம்

சான்டா ரோமானா
மே 5, 1984

அன்புள்ள பாரே சாந்தோ,

உடம்பு தேவலையா? பித்தப்பைக் கல்லைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்களாமே, பத்திரமாக வை, சங்கத்தில் காட்சிக்கு வைக்கலாம். நீ இல்லாமல் நான்கு கூட்டமும் சப்பென்று போயின. வராதவனுக்குப் பதிலாக அவனுடைய ஞானமகனின் அப்பன் எழுந்து பாட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. என் மகனுக்கு உன்னை ஞானத்தகப்பனாக்கி, ‘பாரே’ என்று கூப்பிட ஆரம்பித்த பாவத்துக்கு நான்கு முறையும் பாடினேன். என் குரல் உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சேவைச் சங்கத்தில் என் தலைவர் பதவி ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் என் பெயரிலும் ஒரு கல்வெட்டு வேண்டாமா? நீ தலைவராக இருந்தபோது கட்டிய தொங்கு பாலத்தின் அக்கரையில், பள்ளிப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்க ஒரு நிழற்குடை எழுப்புகிறேன். ஜூன் 16 சனிக்கிழமை திறப்பு விழா. சங்கத்தின் மாவட்டத் தலைவர் வருகிறார். பாலம் உறுதியாக இருக்கிறது என்று கட்டிய இன்ஜினியர் என்ற முறையில் நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தலைமையாசிரியை சொலெடாடைப் பார்த்தேன். "சார், உங்க சங்கத்துப் பாலத்துல அக்கரைக் கம்பம் ஆத்தை எட்டிப் பாக்குது, மீன் புடிக்கப் போகுதோ என்னவோ"ன்னு சிரித்தார். அந்த அம்மாவின் வாய் உனக்குத் தெரியாததா.

உன்
வெனான்

*

மணிலா
மே 15

அன்புள்ள பாரே வெனான்,

கடிதம் கண்டேன். தையல் பிரித்தாயிற்று. மகள் வீட்டில் உப்பில்லாத கஞ்சியும் சத்தான உபதேசமும் வேளாவேளைக்குக் கிடைக்கின்றன.

தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேள். அக்கரைக் கம்பத்தை ஒருமுறை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு, அடியில் மண் வெடித்திருக்கிறதா என்று எழுது. விழா நாளில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற வேண்டாம். வயதாகிவிட்டதால் பயப்படுகிறேன் என்றே வைத்துக்கொள்.

குமாரேயான உன் மனைவியையும் என் ஞானமகனையும் கேட்டதாகச் சொல்.

உன்
சாந்தோ

*

சான்டா ரோமானா
மே 24

அன்புள்ள பாரே,

கையெழுத்துக்கு நன்றி. கூட்டத்தில் வாசித்தேன், எல்லோரும் கை தட்டினார்கள். கம்பம் ஆற்றுப் பக்கம் ஒரு சாண் சாய்ந்திருக்கிறது. அடியில் என் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சிமெண்ட் பூசிவிடச் சொல்லிவிட்டேன், புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியக் கூடாதல்லவா. மற்றபடி பத்து வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை, நீயே சொல், பழுது பார்த்தவனுக்கு யார் கல்வெட்டு வைக்கிறார்கள்? உனக்குப் பிறகு வந்த ஒருவர் கூடைப்பந்து மேடை கட்டினார், இன்னொருவர் ஊர் எல்லையில் வளைவு கட்டினார். நான் மட்டும் ஆணி முடுக்கிவிட்டுப் போக வேண்டுமா?

பத்துப் பேர் என்கிறாய். பாண்டு வாத்தியமே பதினெட்டுப் பேர்! உறுப்பினர்கள், மனைவிமார், கொடி பிடிக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து அறுபது பேர் இக்கரையிலிருந்து ஊர்வலமாக வருகிறோம். மாவட்டத் தலைவர் நடுப்பாலத்தில் நின்று கையசைப்பார். "பாட்டுக்குத் தாளம் போட்டு நடந்தா பாலம் ஆடுமே"ன்னு சொலெடாட் கேட்டார். "ஆடட்டும் டீச்சர், அதுவும் நம்ம சங்கத்து உறுப்பினர்தானே"ன்னேன். ஒரே சிரிப்பு.

உன்
வெனான்

*

மணிலா
மே 31

வெனான்,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

என் வருஷத்திலும் மாவட்டத் தலைவர் ஜூனில்தான் வந்தார். அக்கரையில் கம்பிவடத்தைப் பிடித்து நிறுத்தும் கான்கிரீட் கட்டை பன்னிரண்டு அடி ஆழத்தில் பாறையில் உட்கார வேண்டும். ஐந்தடி தோண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர், களிமண். விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அந்தக் களிமண்ணின் மேலேயே கான்கிரீட் ஊற்றச் சொன்னேன். விழா முடிந்ததும் பிரித்து ஒழுங்காகக் கட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஜூலை ஒன்றாம் தேதி தலைவரின் மணியும் சுத்தியலும் அடுத்தவர் கைக்குப் போயின, முடிந்த திட்டம் என்று எழுதி மூடிவிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். பத்து வருஷமாக எனக்கு மழையே பிடிப்பதில்லை.

கம்பம் தானாகச் சாயவில்லை, வடத்தைப் பிடித்திருக்கும் அந்தக் கட்டையே நகர்கிறது. அறுபது பேர் ஏறினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மழை இறங்கிவிட்டால் பிள்ளைகள் மட்டும் போனாலும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. பாலத்தை உடனே அடைத்துவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்தத் தாளில் நான் போட்டது பொய்க் கையெழுத்து. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

சாந்தோ

*

சான்டா ரோமானா
ஜூன் 6

பாரே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். உன் நல்லதுக்காகவும்தான்.

அழைப்பிதழ்கள் போய்விட்டன. விருந்துக்குப் பன்றி சொல்லியாயிற்று. மாகாணத்திலேயே சிறந்த சங்கம் என்ற கோப்பை இந்த வருஷம் நமக்குத்தான் என்று காதில் விழுந்திருக்கிறது. இப்போது பாலத்தை அடைத்தால் ஏன் என்று ஊர் கேட்கும், நான் என்ன சொல்ல? பத்து வருஷம் நின்றது இன்னும் பத்து நாள் நிற்காதா? நோயில் படுத்திருப்பவனுக்கு எல்லாமே விழுவது போலத்தான் தோன்றும். முதல் ஆளாக நானே நடக்கிறேன், போதுமா?

ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் என்னிடம் இருப்பது உன் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேற்கொண்டு இதைப் பற்றி எழுதாதே.

இரண்டு நாளாக இங்கே நல்ல மழை.

வெனான்சியோ

*

மணிலா
ஜூன் 12

வெனான்சியோ,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. விடுமுறை முடிந்து பள்ளி நேற்றே திறந்திருக்கும். உன் பதிலுக்காகக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் நான் செய்த இன்னொரு தப்பு. முதல் நாளே தந்தி ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும், உன் முகத்துக்காகவும் என் பெயருக்காகவும் போகவில்லை.

இப்போது போய்விட்டு வந்தேன். சொலெடாடுக்கு அனுப்பிய தந்தி இதுதான்: "பாலம் விழும். பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கட்டிய நான் சொல்கிறேன்." குமாஸ்தா இரண்டு முறை படித்துவிட்டு, "நெசமாவே அனுப்பணுமா மாமா?"ன்னு கேட்டான். ஆமாம் என்றேன். நகராட்சித் தலைவருக்கும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். உன் அடுப்பு ஒரு கடிதத்தைத்தான் எரிக்க முடியும்.

புயல் எச்சரிக்கை ஒன்றாம் எண் ஏற்றியிருக்கிறார்கள், ஆனாலும் மாலைக் கப்பல் கிளம்பும் என்கிறார்கள். மகள் அழுகிறாள், வயிற்றுக் காயம் ஆறவில்லை என்று கத்துகிறாள். நான் வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே நான் வந்து சேர்ந்துவிடக்கூடும். கப்பல் தாமதமானால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

வந்தால் பாலத்து வாசலில் குறுக்கே ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன். சனிக்கிழமை பாண்டு வாத்தியத்தோடு நீ வரும்போதும் அங்கேதான் இருப்பேன். மாவட்டத் தலைவர் ஏனென்று கேட்டால் அறுபது பேர் முன்னால் சொல்வேன். போலீசைக் கூப்பிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல், போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன்.

இனி நாம் பேசிக்கொள்ள மாட்டோம் என்று தெரியும். உன் மகனை அன்று கொடி பிடிக்க அனுப்பாதே. இது மட்டும் அவனுடைய ஞானத்தகப்பனாகக் கேட்பது.

கிரிசாந்தோ