கேசரியின் திருடருக்கு

இன்று காலை வெங்காயம் வாங்கச் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். ராத்திரி மழையில் நனைந்த கோணிச் சாக்குகளைக் கடைக்காரர் வெயிலில் விரித்துப் போட்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பையைப் பிடித்தபடி அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். "இன்னா டீச்சர், வெங்காயம் வோணுமா, கோணி வோணுமா?" என்றார் அவர். ஈரக் கோணி வாசனை வந்தால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று எனக்கு அர்த்தம். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் வெங்காயத்தைப் பொறுக்கினேன்.

தோளிலிருந்து விரல்வரை, வியர்வையில் ஊறிய கோணி சுற்றித் தைத்த அந்தத் தடித்த உறையோடுதான் முதன்முதலில் என் வாசலில் நின்றீர்கள். நாய்ப் பயிற்சி மாஸ்டர் உங்களை 'டிகாய்' என்று அறிமுகப்படுத்தினார். உங்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "திருடன் வேசம், டீச்சர். நாய்கிட்ட கடிபடறதுதான் நம்ம வேல" என்றீர்கள், ஏதோ பாங்கு உத்தியோகம் மாதிரி.

அப்போது நான் பெரிய இக்கட்டில் இருந்தேன். பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் என் பெசன்ட் நகர் வீட்டின் பூட்டை யாரோ உடைத்து, வெள்ளிப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பெங்களூரிலிருந்து தம்பி ஓடி வந்தான். "தனியா இருந்தது போறும்க்கா. ஆத்தை வித்துட்டு என்னோட கெளம்பு" என்றான். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், எனக்காக நானே கட்டிய வீடு அது. கடல் காற்றையும் கணக்கு டியூஷன் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, அவன் அடுக்குமாடியில் போய் நான் என்ன செய்வேன்? சண்டை போட்டு ஒரு வாய்ப்பு வாங்கினேன். என் நாய் கேசரி காவல் காக்கப் பழகிவிட்டால் நான் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பொங்கலோடு மூட்டை கட்ட வேண்டும்.

கேசரி கோம்பை இனம். கோம்பை என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள் என்று பெயர். என் கேசரியோ காஸ் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

முதல் நாள் நீங்கள் மதிலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். என் புடவைக்குப் பின்னால் இருந்த கேசரி, தும்மல் மாதிரி ஒரே ஒரு குரைப்பு குரைத்தது. அவ்வளவுதான். நீங்கள் துள்ளி, தடுக்கி விழுந்து, எழுந்து, தெருக்கோடிவரை அலறிக்கொண்டு ஓடினீர்கள். எதிர்வீட்டு மாடியில் சிரித்தார்கள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவரிடம், இவ்வளவு கூத்து தேவையா என்று கேட்டேன்.

"அது கொலைச்சும் நா ஓடலேன்னா, இன்னாத்துக்குக் கொலைச்சோம்னு மனசு வுட்டுப் பூடும் டீச்சர். நா தோக்கத்தான் வந்துகீறேன். ஆனா அது தைரியமா ஒரு அடி வெச்சாதான் தோப்பேன்."

நானும் கவனித்தேன். கேசரி பின்வாங்கினால் நீங்கள் அசைய மாட்டீர்கள். அது முன்னால் வந்த கணத்திலேயே நடுங்குவீர்கள். உறையைக் கவ்வினால் கொஞ்சம் போராடிவிட்டுக் கையை உருவிக்கொள்வீர்கள். பிடுங்கிய உறையைத் தூக்கிக்கொண்டு கேசரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும். வீதி உலா வரும் கோயில் உற்சவர்கூட அந்த மிடுக்கிடம் தோற்றுப் போவார்.

ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் அதை ஒருமுறைகூடத் தொடவில்லை. நீங்கள் குடியிருந்த மீனவர் குப்பத்தின் அத்தனை தெருநாய்களும் உங்கள் மடியில்தான் கிடந்தன. ஆனால் கேசரியோடு நான் எதிரே வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைக் கடந்துவிடுவீர்கள்.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். உங்களைப் பார்த்து கேசரி உறுமியதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ஆளோட தெனம் வெளையாடிண்டிருக்கு. அந்த உறையைக் குடுங்கோ, நான் வரேன்" என்றான். மங்கி குல்லாவை மூக்குவரை இழுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து வந்தான். கேசரி குரைத்தது. அவன் ஓடவில்லை. தோற்க அவனுக்கு எங்கே தெரியும்? பிறந்ததிலிருந்தே பிடிவாதம். காலைத் தரையில் உதைத்து அதட்டினான். கேசரி ஒரு அடி பின்வாங்கியது, இன்னொரு அடி. அதன் முதுகு என் காலில் முட்டியபோது, வீடு கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். கேட்டுக்கு வெளியே நின்ற நீங்கள், பேச வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினீர்கள்.

"பாத்தியா? கெளம்பு" என்று தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

கேசரி பாய்ந்தது. உறையோடு அவன் கையைக் கவ்வி, அவனை அப்படியே இட்லிப்பூச் செடிமேல் சாய்த்துவிட்டது. நான் "விடு" என்றதும் விட்டுவிட்டு, எனக்கு முன்னால் வந்து நின்றது.

"சூப்பரா வுளுந்தீங்க சார். நானே இப்டி வுளுந்தது இல்ல" என்று நீங்கள் அவனைத் தூக்கிவிட்டீர்கள். செடியிலிருந்து எழுந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "நீ இங்கயே இருந்துக்கோக்கா" என்பதுதான்.

உங்கள் கண் கலங்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "எப்பவும் என் மேலயே பாஞ்சிக்கினு இருந்திச்சா, மூஞ்சிக்கு நேராத்தான் பாத்துகீறேன். இன்னிக்குத்தான் பக்கத்துல நின்னு பாக்கறேன். இன்னா அழகு, டீச்சர்."

இப்போதாவது ஒருதரம் தடவிக் கொடுங்களேன் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "வேணாம். அல்லாரும் அதுக்கு சிநேகந்தான். திருடன் ஒருத்தனாவது வோணும்ல." அதன் பிறகு வாரம் தவறாமல் கடற்கரையில் ஏதாவது ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அதனிடம் தோற்றுவிட்டுப் போனீர்கள்.

போன வருடம் மாரடைப்பு உங்களைக் கொண்டு போயிற்று. குப்பத்தில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாய இட்டாந்திருக்கலாமே டீச்சர், அத்தப் பத்தியே பேசிக்கினு இருப்பாரு" என்றார். அங்கேதான் நான் வாய்விட்டு அழுதேன்.

கேசரிக்கு இப்போது முகவாய் நரைத்துவிட்டது. என் வீடு என் வீடாகவே இருக்கிறது. சாயங்காலம் கடற்கரைக்குப் போனால், படகுகளைப் பார்த்து நின்று, குரைத்துவிட்டுக் காத்திருக்கும். யாரும் வெளியே வருவதில்லை. அது திரும்பி என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை எத்தனை நாள் தாங்குவது? அதனால் இப்போதெல்லாம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுக்குப் பின்னால் போய் ஒளிகிறேன். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் மணலில் கத்திக்கொண்டு ஓடுவதையும், கிழட்டு நாய் ஒன்று வாலை நிமிர்த்திக்கொண்டு துரத்துவதையும் சுண்டல் தின்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அது நெருங்கியதும் தொப்பென்று விழுகிறேன்.

தோற்பது இத்தனை சுகம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.