படகுக்கு அடியில் பழைய பெயிண்ட்

ஜனவரி 30, 2025, வியாழன்

படகின் அடிப்பாகத்தைத் தடவும்போது மட்டும் பரத்வாஜின் குரல் ஏன் அவ்வளவு கனிந்துவிடுகிறது? கல்யாணமான நாளிலிருந்து யோசிக்கிறேன்.

இன்று படகை ஆற்றிலிருந்து இழுத்து போட் கிளப் ஷெட்டில் கவிழ்த்துப் போட்டார்கள். பைபர் படகு. சிப்பி ஒட்டாமலிருக்க வருஷாவருஷம் அடித்த சிவப்புப் பெயிண்ட், ஒன்றின்மேல் ஒன்றாகத் தடித்து, சொறி பிடித்த மாதிரி உரிந்து நிற்கிறது. எல்லாவற்றையும் எடுத்தால்தான் புதிது அடிக்க முடியும். "என் கண்ணு, இப்படி ஆயிட்டியே" என்றார். படகிடம்.

வேலைக்கு மரியசெல்வம். பட்டினப்பாக்கத்துக்காரர். தோள் விலகியதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. கிளப்பில் படகு பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும், செயலாளர் பரத்வாஜ். "இதைச் சுத்தமா பண்ணிக் காட்டு. வேலை உனக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 1, சனி

பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மரியசெல்வம் தண்ணீர் ஊற்றி, பட்டி பிளேடால் மெதுவாகச் சுரண்டி, வாட்டர் பேப்பர் தேய்க்கிறார். இடது கையால். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சுரண்டின இடத்தில் அடியிலிருந்த வெள்ளை பளபளவென்று இருந்தது.

பரத்வாஜுக்குப் பொறுக்கவில்லை. "நீ இப்படித் தடவிண்டே இருந்தா உன் பேத்தி கல்யாணத்துக்குத்தான் படகு தண்ணில இறங்கும்."

"பேத்தி இன்னும் பொறக்கலை சார். பொண்ணே ஏழாவதுதான் படிக்குது."

"அதான் சொல்றேன்."

அடுத்த ஞாயிறு கிளப் கூட்டம். அதற்குள் முடிந்தாக வேண்டுமாம்.

பிப்ரவரி 3, திங்கள்

பரத்வாஜ் பெயிண்ட் ரிமூவர் டப்பாக்கள் வாங்கி வந்திருக்கிறார். இரும்பு கேட்டுக்கும் மரக்கதவுக்கும் பூசுவது. வீட்டுக்கு வந்திருந்த சுப்பராயன் எதிரில்தான் சொன்னேன். அவர் கிளப் தலைவர், தெரிந்துகொள்ளட்டும் என்று. இது பெயிண்டை மட்டும் எடுக்காது, பைபரின் மேல்தோலையும் சேர்த்து ஊறவைத்துவிடும் என்றேன்.

பரத்வாஜ் அவர் பக்கம் திரும்பினார். "கேட்டேளா? ஆத்துல ரசத்துக்கு உப்பு போடத் தெரியலை. படகுக்கு ஃபார்முலா சொல்ல வந்துட்டா."

சுப்பராயன் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிகிறது. எதுக்குடி சிரிச்சே?

கல்லூரியில், கெமிஸ்ட்ரி வகுப்பில், எழுபது பெண்கள் நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இனி வாயைத் திறப்பதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வகுப்பு முடிந்து ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போனேன். ஏன் போனேன்? பார்க்கத்தான். வேறென்ன.

பரத்வாஜ் இல்லை. மரியசெல்வம் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேடம், இத்த பூசலாமா? சார் முச்சூடும் பூசி, பாலிதீன் போட்டு மூடி, காலைல சுரண்டுன்னு சொல்லிக்கீறாரு. எனக்கு ஒரு மாதிரியா கீது. ஓரமா கொஞ்சூண்டு பூசிப் பாத்துட்டு செய்யட்டா? நீங்க இதெல்லாம் படிச்சவங்களாச்சே."

ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்றால் முடிந்தது.

"சார் சொன்னபடி செய்யுங்க" என்றேன்.

"நீங்களே சொல்லிட்டீங்க. அப்பறம் இன்னா." நிம்மதியாகச் சிரித்துவிட்டு மூடியை நெம்பினார். பல்லாண்டு பழகிய லேப் நெடி மூக்கில் ஏறியது. அவர் முழுப்பக்கமும் பூசி பாலிதீன் போர்த்தும் வரை நின்றேன்.

ராத்திரி நன்றாகப் பசித்தது. இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

லீவு போட்டேன். பரத்வாஜோடு காலையிலேயே போய்விட்டேன்.

பெயிண்ட் வந்தது, பால் ஏடு போல. அதோடு அடியிலிருந்த வெள்ளையும் வந்தது. பிளேடு, நனைந்த ரொட்டியில் இறங்குவது போல் இறங்கியது. பைபர் நூல்நூலாய்ப் பிரிந்து நின்றது. மரியசெல்வம் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

பரத்வாஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். பார்த்தேன். நன்றாகவே இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

ஆனால் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. எழுந்து வேட்டி மண்ணைத் தட்டினார். "எவ்வளவு நேரம்டா விட்டே?"

"நீங்கதான சார் நைட்டு முச்சூடும் வுடச் சொன்னீங்க..."

"நானா? என்னை சொல்றியா?"

தவறு அவர் தலையில் விழும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் எழுந்து நின்றார், அவ்வளவுதான். அது பக்கத்திலிருந்தவர் தலைக்குப் போய்விட்டது. பைபரின் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்த கையை மரியசெல்வம் லுங்கியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 8, சனி

எங்கள் மந்தைவெளி பிளாட்டுக்கு மரியசெல்வத்தின் மனைவி ஜான்சி வந்தாள். பரத்வாஜ் வெளியே போகும் வரை எதிர்ச்சாரியில் காத்திருந்தாளாம்.

"பயப்படாதம்மா, மீன் கூடைய கேட்டாண்டயே வெச்சிட்டேன். உங்க ஊட்டுக்கு வாசனை வராது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாளைக்கு மீட்டிங்ல அவர நிக்க வெச்சி கேக்கப் போறாங்களாம். கை போன ஆளுக்கு வேற எவன்மா வேலை குடுப்பான்? உங்ககிட்ட கேட்டுட்டுதான் பூசுனேன்னு சொன்னாரு. 'அத்த மீட்டிங்ல சொல்லுய்யா'ன்னேன். 'மேடம் பேரை இழுக்க மாட்டேன், அவங்களே சொல்லுவாங்க'ன்றாரு. கிறுக்கன். சொல்லுவீங்கல்லம்மா?"

"சொல்றேன்."

"மாதா மேல ஆணையா?"

"எனக்கு ஆணையெல்லாம் பழக்கமில்லை, ஜான்சி. சொல்றேன்."

சொல்லிவிடுவேன். இவர் வாங்கி வந்தார், இவர் சொன்னார், எனக்குத் தெரிந்திருந்தது, என்னைக் கேட்டபோது நான் தடுக்கவில்லை. நான்கு வாக்கியம். வகுப்பில் இதைவிட நீளமாகப் பேசுகிறேன். நாளை சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்தது இது.

ஷெட் நிழலில் நாற்காலிகள், போண்டா, காபி. படகை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். மரியசெல்வம் தூணோரம் நின்றிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

சுப்பராயன் என்ன ஆயிற்று என்று கேட்டார். பரத்வாஜ் என்னைக் காட்டினார். "அனுவைக் கேளுங்கோ. கெமிஸ்ட்ரி புரொபசர். அவளுக்குத் தெரியாததா?"

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. மரியசெல்வம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

இந்த ரிமூவர் பைபரையும் தின்னும், நெடுநேரம் விட்டால் இப்படித்தான் ஆகும் என்றேன். யாரோ "அப்படியா!" என்றார்கள். இன்னும் கொஞ்சம் விளக்கினேன். காபியை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அப்போ தப்பு யாரோடது மேடம்?" சுப்பராயன்.

"பூசறவர்தான் பார்த்துப் பூசணும்" என்றேன்.

மரியசெல்வத்தின் சிரிப்பு மட்டும், எடுக்க மறந்தது போல, கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது. குனிந்து தன் பட்டி பிளேடை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். வேறு ஆள் பார்க்கலாம் என்று தீர்மானம் எழுதினார்கள்.

திரும்பும் வழியில் "நன்னா சொன்னே" என்றார் பரத்வாஜ். மந்தைவெளியில் காரை நிறுத்தி எனக்கு இரண்டு முழம் மல்லி வாங்கினார்.

வைத்துக்கொண்டேன்.