பின்னிருக்கையில் மூன்று பேர்

ஜூலை 12, சனி

இன்று கணக்குப் பயிற்சியைத் தொடவே இல்லை. காரணம் அத்தா.

கடை மூடி வந்தவர் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே, "நம்ம ஒரு நல்ல காடி வாங்கப் போறோம்" என்றார். வெறும் காடி இல்லை, சொகுசுக் கார். "ரொம்பப் பெரிசு வேணாம், பிளாட் கீழ பார்க்கிங் பத்தாது. நடுத்தரம் போதும். ஆனா உள்ள உக்காந்தா ஹோட்டல் மாரி இருக்கணும்."

குவீன் ஸ்திரீட்டில் எங்கள் துணிக்கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரே வேன்தான். துணிக்கட்டுகளுக்கு அதில் இடம் உண்டு, மனிதர்களுக்கு மிச்சம்தான். வீடு இருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து தினமும் அம்மா முன்னிருக்கையில், ஒரு கட்டின் மேல் காலை மடக்கி வைத்துக்கொண்டுதான் போய் வருகிறார்.

"உங்கம்மா இனி பின்னால சாஞ்சு உக்காந்து போகணும். முதலாளியம்மா மாரி."

"அப்போ நீங்க யாரு, என் டிரைவரா?" என்றார் அம்மா.

"ஆமாலா. சம்பளத்த மட்டும் ஒழுங்கா குடுத்துரு."

மூன்று காடிகளை ஒப்பிட்டு, எது சிறந்தது என்று சொல்லும் பொறுப்பு எனக்கு. "நீதான் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல படிச்சு சொல்லணும், அதிரா. வீட்டுல வேற யாருக்குத் தெரியும்?" என்றார் அத்தா. எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க மாட்டேன், மிகவும் பெருமையாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து விமர்சனங்கள், காணொளிகள். போட்டியில் இருக்கும் மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன்: ஜெர்மன்காரர், சுவீடன்காரர், ஜப்பான்காரர். ஜெர்மன்காரர் வளைவுகளில் நன்றாக ஓடுவாராம், ஆனால் பராமரிப்புச் செலவு அதிகம். சுவீடன்காரரின் இருக்கை முதுகு வலிக்காரர்களுக்கு நல்லதாம். ஜப்பான்காரர் சத்தமே இல்லாதவர், ஆனால் எல்லா விமர்சகர்களும் அவரை "சுவாரசியம் குறைந்தவர்" என்கிறார்கள். (என்னைப் பற்றியும் வகுப்பில் அப்படித்தான் சொல்வார்கள்.)

ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுகிறேன். பாதுகாப்பு, எரிபொருள், சத்தம், பின்னிருக்கை, மறுவிற்பனை. ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடினேன். சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டும்போது, "ஜெர்மன்காரருக்கு முறுக்கு விசை அதிகம்" என்றேன்.

"முறுக்கா?" என்றார் அத்தா. "முறுக்கு திங்கவா காடி வாங்குறோம்?"

அம்மா சிரித்தார். அம்மா சிரித்தால் உடம்பு முழுவதும் சிரிக்கும், மேசை ஆடும், தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டோம்.

ஜூலை 19, சனி

எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

ஜெர்மன்காரரைப் பார்க்கப் போனோம். விற்பனைக் கூடத்தின் தரை கண்ணாடி போல இருந்தது. அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார். "அம்மா, வேணாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன், கொஞ்சம் வேகமாகவே. அங்கிருந்தே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

விற்பவர் பெயர் ஹைக்கல். இளைஞர், மரியாதையானவர். நான் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க, இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே என்று புருவத்தை உயர்த்தினார். அதன் பிறகு அவர் அத்தாவிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். நான் உயரமாகிவிட்டது போல இருந்தது.

அம்மா பின்னிருக்கையில் ஏறினார். காடி தாழ்வானது. கூரையைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, மற்ற காலை உள்ளே இழுத்து. உட்கார்ந்ததும் காடி ஒரு பக்கம் லேசாக இறங்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றிலும் பார்த்தேன்.

"பின்னால் மூன்று பெரியவர்கள் வசதியாக உட்காரலாம்" என்றார் ஹைக்கல் ஆங்கிலத்தில்.

நான் சொன்னேன், ஆங்கிலத்தில்: "மூன்று பேர்தான். என் அம்மா வராவிட்டால்."

அவர் சிரித்துவிட்டார். உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். அம்மா புன்னகையோடு இருக்கையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார், கடையில் துணியின் தரம் பார்ப்பது போல. அப்பாடா, புரியவில்லை.

அந்த "அப்பாடா"வைத்தான் எழுதாமல் விடப் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

ஜூலை 21, திங்கள்

பள்ளி விட்டு வந்து பசியாறக் கூப்பிட்டேன். அம்மா நோன்பாம். ரமலான் இல்லாத நாளில் அம்மா நோன்பு பிடித்து நான் பார்த்ததில்லை.

"திங்களும் வியாழனும் சுன்னத்து. பிடிக்கலாம்னு இருக்கேன்."

"திடீர்னு என்னம்மா?"

"நோன்புக்கு என்ன திடீர்? நீ சாப்பிடு."

கட்டாயமில்லை, ஆனால் நல்ல காரியம்தான். பலர் பிடிக்கிறார்கள். மேல் மாடி நூர்ஜான் பெரியம்மா பல வருடமாகப் பிடிக்கிறார். அதனால் இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தொடர்பில்லை என்று நான் எதற்கு எழுதுகிறேன்?

ஜூலை 22, செவ்வாய்

கடைக்குப் போயிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பருத்தித் துணியைப் புரட்டிக்கொண்டு நின்றார். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை விட்டு நிமிராமலே, "கலர் வோண்ட் ரன், மேடம். ஃபர்ஸ்ட் டைம் வாஷ் செப்பரேட்" என்றார். அந்தப் பெண்மணி ஏதோ கேட்டார். அம்மா பதில் சொன்னார். அவர் தன் மகளின் திருமணத்தைப் பற்றிச் சொன்னார். அம்மா கேட்டு, சிரித்து, இன்னும் இரண்டு துணிகளை எடுத்துக் காட்டினார்.

நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் காது சுட்டது.

பிறந்ததிலிருந்து இதைக் கேட்கிறேன். தொலைபேசியில், கல்லாவில், கப்பலில் வந்து இறங்கும் பயணிகளிடம். ஒரு நாள்கூட இதை நான் ஆங்கிலம் என்று எண்ணியதில்லை. கடைப்பேச்சு என்றே எண்ணியிருக்கிறேன். புத்தகத்தில் இருப்பதும் நான் மேடையில் பேசுவதும்தான் ஆங்கிலமாம். என்ன அறிவு எனக்கு.

நான் சொன்ன வாக்கியத்தில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. அம்மா. மூன்று. வராவிட்டால்.

ஜூலை 24, வியாழன்

நோன்பு. திறக்கும்போது பேரீச்சம்பழம், தண்ணீர், கைப்பிடிச் சோறு. அவ்வளவுதான்.

"என்னா ரொஸ்னா, டயட்டா?" என்றார் அத்தா.

"வயசாகுதுல்ல. கொறச்சுக்கிட்டா நல்லதுதானே."

அம்மா என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார்.

ஜூலை 26, சனி

சுவீடன்காரரைப் பார்க்க அம்மா வரவில்லை. முட்டி வலியாம்.

ஓட்டிப் பார்த்தோம். அத்தா ஓட்டினார், பின்னால் நான் மட்டும். இருக்கை உண்மையிலேயே நன்றாக இருந்தது, முதுகைக் கையில் ஏந்துவது போல. சிவப்பு விளக்கு வரும்போதெல்லாம் அத்தா திரும்பிக் கேட்டார்.

"அம்மாவுக்கு சரியா இருக்குமா, அதிரா?"

"இருக்கும் அத்தா."

"கால நீட்ட முடியுமா? கொஞ்சம் அம்மா மாரி உக்காந்து பாரேன்."

அம்மா மாதிரி எப்படி உட்காருவது? விற்பவர் முன்னிருக்கையிலிருந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல முடியாது. மூக்கு மட்டும்.

பின்னிருக்கைக்கு மதிப்பெண் போடவில்லை. ஜெர்மன்காரருக்கு முதலில் போட்ட எட்டையும் அடித்துவிட்டேன். அன்று நான் பார்த்தது இருக்கையை இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

வீட்டில் சண்டை மாதிரி ஒன்று. சண்டையும் இல்லை.

அம்மா சொல்லிவிட்டார்: "காடி வேணாங்க. வேனே போதும். எனக்கு அதுல ஏற எறங்க சுலபமா இருக்கு."

"பதினெட்டு வருசமா அந்த வேன திட்டினது யாரு?"

"திட்டுனேன். பழகிருச்சு."

அத்தா பால்கனிக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "அந்த மொத கடையில எதாச்சும் நடந்துச்சா? அந்தப் பையன் எதாச்சும் சொன்னானா? நீதான் அவன்கிட்ட பேசிக்கிட்டு இருந்தே. எனக்கு அவன் இங்கிலீஷ் ஓடல."

ஹைக்கல் ஒன்றும் சொல்லவில்லை. ஹைக்கல் நல்ல மனிதர், வாயை மூடிக்கொண்டவர் அவர்தான்.

"ஒன்னும் இல்ல அத்தா" என்றேன்.

ஒரு பொய். இத்தனை வருடம் அத்தா அம்மாவுக்காக நினைத்து வைத்திருந்ததை என் ஒரு வாக்கியம் தட்டிவிட்டது. அதன் மேல் இந்தப் பொய்யையும் வைத்துவிட்டேன். பேச்சுப் போட்டியில் சொல்லுக்குச் சொல் பதில் வைத்திருப்பேனே, இப்ப எங்கடி போச்சு வாய்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

அத்தா கடைசியாக ஒன்றுதான் கேட்டார்: "மூணாவத மட்டும் பாத்துருவோம். அப்பறம் நீ வேணாம்னா வேணாம்." அம்மா சரி என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஜப்பான்காரர். இன்று விற்றவர் ஒரு சீன அக்கா, குதிகால் செருப்போடு ஓடி ஓடி வந்தார்.

அம்மா வாசலில் நிற்கவில்லை, செருப்போடு நேராக உள்ளே போனார். நேராகக் காடியிடம் போனார். கதவைத் தானே திறந்தார். அந்த அக்கா வழக்கமான பாட்டைத் தொடங்கினார்: தோல், ஒலிபெருக்கி, குளிர்சாதனம்.

அம்மா கையைத் தூக்கினார். பிறகு ஆங்கிலத்தில், கடையில் பேசும் அதே ஆங்கிலத்தில், நிதானமாக:

"பேக் சீட். த்ரீ பீப்பள். வித் மீ."

என்னோடு சேர்த்து மூன்று பேர்.

சொல்லிவிட்டு அம்மா ஏறினார். ஓரத்தில் இல்லை, நகர்ந்து நகர்ந்து நடு இருக்கைக்கே போனார். எல்லா விமர்சகர்களும் "பெயருக்குத்தான்" என்று எழுதுகிற நடு இருக்கை. தரையில் மேடாக இருக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டார். "அதிரா, இந்தப் பக்கம் வா." ஏறினேன். "மிஸ், யூ அதர் சைட்." அந்த அக்கா ஒரு கணம் திகைத்தார், பிறகு சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். அத்தா ஓட்டுநர் இருக்கையில். முன்னால் பக்கத்து இருக்கை காலி. இப்படி ஒரு சோதனை ஓட்டம் அந்தக் கூடத்தில் நடந்திருக்காது.

"எங்கேங்க போறது, முதலாளியம்மா?" என்றார் அத்தா.

"நேரா ஓட்டுங்க."

அம்மாவின் தோள் என் தோளில், இடுப்பு என் இடுப்பில். நெருக்கம்தான். ஆனால் நெரிசல் இல்லை. கடற்கரைச் சாலையில் வளைவு வந்தபோது மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம், அந்த அக்கா "ஐயோ" என்று தமிழிலேயே சொன்னார். அம்மா சிரித்தார். பழைய சிரிப்பு, உடம்பு முழுவதும். அது என் விலா எலும்பு வரைக்கும் வந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அதற்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இறங்கியதும் அம்மா அத்தாவிடம் சொன்னார்: "இது சரியா இருக்கு."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைக்குப் பின்னால் புதுத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம், அம்மாவும் நானும். நான் ஒரு முனை, அம்மா மறுமுனை, மடித்து மடித்துப் பக்கத்தில் வருவோம், பிறகு விலகுவோம். மூன்றாவது முறை பக்கத்தில் வந்தபோது சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது..."

"கேட்டுச்சு."

"தெரியும்மா. மன்னிச்சிருங்க."

அம்மா துணியை வாங்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். விலகினோம். நான் முனையைச் சரியாகப் பிடிக்கவில்லை, அம்மா இழுத்துச் சரி செய்தார்.

"நீ சொன்னதுக்குக்கூட இல்ல. நான் குண்டுதான். எனக்குத் தெரியாதா? பசார்ல மீன்காரன் என்னென்னவோ சொல்லுவான், நானும் திருப்பிக் குடுப்பேன். ஆனா நீ சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்தே பாரு. எனக்குப் புரிஞ்சிருச்சான்னு. புரியலன்னதும் உனக்கு ஒரு சந்தோசம். அதத்தான் என்னால..."

முடிக்கவில்லை. அடுத்த துணியை உதறிப் பிரித்தார்.

அதை மடித்துக்கொண்டே கேட்டேன். "அந்த நோன்பு, என்னாலயாம்மா?"

"நோன்பு எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது. அதுல நீ ஏன் நுழையிறே? மடி ஒழுங்கா."

மடித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நோன்பு. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

காடி வந்துவிட்டது. உள்ளே இளமஞ்சள் தோல், தொட்டால் முகம் தொட்டது போல. பிளாட்டே கீழே இறங்கி வந்து பார்த்தது. நூர்ஜான் பெரியம்மா கதவை மூன்று முறை திறந்து மூடினார், அந்தச் சத்தம் பிடித்திருக்கிறதாம்.

அத்தா சட்டம் போட்டுவிட்டார்: உள்ளே யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது.

வேனையும் விற்கவில்லை. துணிக்கு வேண்டுமே.

மதிப்பெண் அட்டவணையை முடிக்கச் சொல்லி அத்தா கேட்டார், நண்பர்களிடம் காட்ட வேண்டுமாம். பாதுகாப்பு, எரிபொருள், சத்தம் எல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். பின்னிருக்கைக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டேன். "இது என்னா, மார்க்கு இல்லையா?" "அது அம்மா போடணும் அத்தா."

ஆகஸ்ட் 21, வியாழன்

பள்ளி விட்டும் மழை நிற்கவில்லை. அத்தாவும் அம்மாவும் காடியில் வந்து ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். அம்மா நகரவில்லை, "நீ அந்த ஓரத்துக்குப் போ" என்றார். நடுவில் கைப்பையை வைத்திருந்தார். சரி என்று போனேன்.

ஜெலுத்தோங் பசார் பக்கம் வந்ததும் அத்தா ஓரம் கட்டினார், கடைக்கு நூல்கண்டு வாங்க. அவர் குடையோடு தெருவைத் தாண்டியதும் அம்மா சன்னலை இறக்கி, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பிசாங் கோரெங் பொரித்துக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டார். காகிதப் பொட்டலம் எண்ணெயில் ஊறி, சுடச் சுட வந்தது.

"அம்மா, அத்தா சொன்னாரே..."

"அவர் வர்றதுக்குள்ள."

அம்மா கைப்பையை எடுத்துக் காலடியில் வைத்தார். "நடுவுல வா. சீட்டுல சிந்திரும், ஒழுங்கா பிடி."

நகர்ந்து உட்கார்ந்தேன். அம்மா ஒரு துண்டைப் பிட்டு எனக்குக் கொடுத்தார், இன்னொன்றைப் பெரிதாகக் கடித்து, சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதினார். நான் அவர் முகவாய்க்குக் கீழே என் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு எண்ணெய் எப்படியோ இருக்கையில் விழுந்துவிட்டது. அம்மா முக்காட்டு நுனியால் துடைத்தார், அது இன்னும் பெரிதானது.

"சொல்லாதே" என்றார்.

"மாட்டேன்மா."

அத்தா தெருவின் அந்தப் பக்கம் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அம்மா அவசரமாக இன்னொன்றை எடுத்தார்.

இன்று வியாழக்கிழமை.