சுட்டி தின்றது மரவள்ளி அல்ல

அனுப்புநர்:
திருமதி கணபதி மேனகா,
17/3, மேல் பாதை,
கஹட்டவத்தை,
பல்லேபொல.

பெறுநர்:
கால்நடை வைத்திய அதிகாரி அவர்கள்,
கால்நடை வைத்திய அலுவலகம்,
பல்லேபொல.

பொருள்: 2025.01.16 அன்று இறந்த எனது பசுவின் மரண அறிக்கையில் எழுதப்பட்டுள்ள பொய்யான காரணத்தை நீக்குமாறும், அந்தப் பொய்யைக் காட்டி எனது கிடாரிக் கன்றை 2025.02.28 அன்று கொண்டுபோக இருப்பதைத் தடுக்குமாறும் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி விலாசத்தில் வசிப்பவள். வயது 43. கணவர் மாத்தளை மார்க்கட்டில் மூட்டை இறக்கும் வேலை செய்கிறார். பசுஞ்சோலை பாற்பண்ணையாளர் சங்கத்தில் ஏழு வருடமாக அங்கத்தவராக இருக்கிறேன். சங்கத்தின் திட்டத்தில் 2018இல் எனக்குக் கிடைத்த பசுவின் பெயர் சுட்டி. அதன் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது. திட்டத்தின் விதிப்படி, அது ஈன்ற முதல் பெண் கன்றைப் பக்கத்து வீட்டு அங்கத்தவரான மஸூதாவுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது பெண் கன்று பதினாறு மாதக் கிடாரியாக என் கொட்டிலில் நிற்கிறது. இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

2. இந்த மனு சங்கத்தின் செயலாளர் திரு. கஜேந்திரன் அவர்களைப் பற்றியது. அவர் செய்த நன்மையைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுத என் மனம் ஒப்பவில்லை. நான் சங்கத்தில் சேர்ந்தபோது மாட்டுக்குத் தீனி போடத் தெரியாதவள். ரோட்டோரத்துப் புல்லை அறுத்துப் போட்டுவிட்டு, பால் நாலு போத்தலுக்கு மேல் ஏன் வரவில்லை என்று மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். கினிப்புல்லைப் பூக்க முன் அறுக்க வேண்டும், மிளகுக் கொடிக்கு நட்ட கிளிசரிடியாவின் இலைக் குழையை ஒருநாள் வாடவிட்டுப் போட வேண்டும், புண்ணாக்கு இவ்வளவு, தவிடு இவ்வளவு, தாதுக்கட்டி எப்போதும் தொட்டியோரம் தொங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்தவர் அவர்தான். பால் பத்துப் போத்தலுக்கு ஏறியது. எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்பித் தந்தவரும் அவர்தான். நான் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். இம்மனுவில் மூன்று இடங்களில் அந்தச் சொல்லை எழுதி வெட்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். ஏழு வருடப் பழக்கம் கையை விட்டுப் போக மறுக்கிறது.

3. சென்ற வருடம் ஜூன் மாதம் சங்கக் கட்டடத்தில் தீவன வகுப்பு நடந்தது. நடத்தியவர் திரு. கஜேந்திரன். அன்று நான் கொப்பியில் எழுதியதை அப்படியே தருகிறேன்: “சோறு, பாண், கோதுமை மா, மாட்டுக்கு ஒன்றிரண்டு பிடிக்கு மேல் ஆகாது. வயிறு புளித்துவிடும். சினைப் பசுவுக்கு மிக ஆபத்து. அசைபோடுவது நின்றால் உடனே டொக்டர்.” ‘உடனே’ என்பதன் கீழ் இரண்டு கோடு போடச் சொன்னதும் அவர்தான். நான் போட்டேன். அந்தப் பக்கத்தின் பிரதி இணைப்பு 1.

4. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கலில் மூன்று பிடியை வாழையிலையில் வைத்து வீட்டுக்காரி தன் கையால் ஊட்டுவது எங்கள் வழக்கம். மூன்றாவது பிடியோடு மாட்டின் பங்கு முடிந்துவிடும். மிச்சம் மனிதருக்கு. இந்த வருடம் ஜனவரி 15ஆம் திகதி அந்த வழக்கத்தைச் சங்கமே நடத்தப் போவதாகச் சொன்னார்கள். திரு. கஜேந்திரன் சனி ஞாயிறுகளில் சீகிரியாவில் சுற்றுலாக்காரருக்கு வழிகாட்டுபவர். அங்குள்ள ஒரு ஹோட்டலில் தங்கியிருந்த பதினொரு வெளிநாட்டவரை வேனில் கூட்டி வந்தார். அதில் அவருக்கு என்ன கிடைத்தது என்பது என் புகாரல்ல. இரண்டு பெரிய பானை ஏற்றினார்கள். முதல் பானை சனத்துக்கு. எட்டுக் கொத்து, ஏறக்குறைய எட்டுக் கிலோ, பச்சரிசியில் சர்க்கரையும் முந்திரிப் பருப்பும் போட்டுப் பொங்கிய இரண்டாவது பானை மாட்டுக்கு.

5. பன்னிரண்டு மாடுகள் கட்டியிருந்தும் சுட்டியைத்தான் முன்னால் கொண்டுவரச் சொன்னார். படத்துக்கு அழகாக இருக்கும், சாதுவான மாடு என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் சுட்டி அந்நியர் கையில் வாய் வைக்காது. வெள்ளைக்கார அம்மா ஒருவர் உருண்டையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போது திரு. கஜேந்திரன், “மேனகா, அவங்க கைக்குக் கீழ ஒன் கைய வையி. ஒன் வாசம் பட்டா திங்கும்” என்றார். வைத்தேன். சுட்டி என் கையை மோந்து பார்த்துவிட்டுத் தின்றது. பதினொரு பேரும் முறை வைத்து, ஆளுக்கு எத்தனையோ உருண்டை ஊட்டினார்கள். படம் சரியாக வராதவர்கள் இரண்டாம் தடவையும் ஊட்டினார்கள். ஒவ்வொரு கைக்குக் கீழேயும் என் கை இருந்தது. ஏழு மாதச் சினை ஐயா, அந்த மாடு.

6. நான் வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. “அண்ணே, போதும்ங்க, இதுக்கு மேல குடுத்தா வயிறு புளிச்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவர் சிரித்தார். “வருஷத்துல ஒருநாள்தானே மேனகா, மாட்டுப் பொங்கல மாடு திங்காம வேற யாரு திங்கிறது” என்றார். சனமும் சிரித்தது. சொல்லித் தந்தவரே சொல்கிறாரே, அவருக்குத் தெரியாததா என்று நானும் சிரித்துவிட்டேன். மற்ற மாடுகளுக்கு ஒரு பிடிகூடப் போகாமல் பானை சுட்டியின் வயிற்றிலேயே காலியானது.

7. மாலை ஐந்து மணியளவில் சுட்டி அசைபோடுவதை நிறுத்திவிட்டது. புல்லை மோந்தும் பார்க்கவில்லை. இடது பக்க வயிறு உப்பி, பின்னங்காலால் வயிற்றை உதைத்தது. சாணி தண்ணீராகப் போனது, புளித்த மாவின் நாற்றம். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலால் புகட்டினேன். தங்கள் இலக்கம் என் தொலைபேசியில் இருந்தும் தங்களை அழைக்கும் முன் அவரை அழைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. அவர் சொன்னது: “நான் இப்பவே டொக்டருக்குச் சொல்லிர்றேன். நீ எடுக்காத. ரெண்டு பேரு மாறி மாறி எடுத்தா அவரு கோவிப்பாரு.” கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்து, காலை எட்டு மணிக்குத் தாங்கள் வருவதாகச் சொன்னார்.

8. 16ஆம் திகதி காலை சுட்டியால் எழும்ப முடியவில்லை. எங்கள் பாதை பிரதான வீதியிலிருந்து தெரியாது, புதிதாக வருபவர்கள் தவறவிட்டு அப்பால் போய்விடுவார்கள். ஆகவே ஏழரை மணிக்கே சந்தியில் போய் நின்றேன். கடந்து போன ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் தாங்கள்தானோ என்று பார்த்தேன். பத்து மணிக்கு திரு. கஜேந்திரனுக்கு எடுத்தபோது, “பொறப்பட்டுட்டாராம், அங்கனயே நில்லு” என்றார். நின்றேன். பதினொன்றரைக்கு மஸூதா முக்காடு விலக ஓடிவந்து, “மேனகா, இனி நின்டு வேலயில்ல, வாங்க” என்றார். ஏழு வருடம் என் கையால் தின்ற மாடு சாகும்போது நான் பக்கத்தில் இல்லை. வராத ஒருவரை எதிர்பார்த்து ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

9. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் திரு. கஜேந்திரன் நாலு பேரோடு வந்து குழி வெட்டிப் புதைத்துவிட்டார். டொக்டர் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். வெயிலில் நாறிவிடும் என்றார். பிறகு ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அது சிங்களத்தில் இருந்தது. நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன், வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அன்று எழுத்துக் கூட்டும் நிலையில் நான் இல்லை. ஏழு வருடமாக அவர் நிரப்பிய படிவங்களில் போட்டதைப் போலவே அதிலும் போட்டேன். அப்போதும் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

10. இம்மாதம் 6ஆம் திகதி கிடாரிக்கு ஊசி போடத் தாங்கள் வந்திருந்தீர்கள். அன்று ஏன் வரவில்லை என்று நான் சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன், மன்னிக்கவும். தங்களுக்கு அழைப்பே வரவில்லை என்றும், அன்று முழுநாளும் அலுவலகத்தில்தான் இருந்ததாகவும் சொன்னீர்கள். தாங்கள் போன பிறகு கொட்டிலில் உட்கார்ந்து அழுதேன். மாடு செத்ததற்கு அழுததைவிட அன்று அதிகம் அழுதேன்.

11. அதற்கடுத்த திங்கட்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே, அன்று நான் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தின் பிரதி; அதுதான் மரண அறிக்கை. சிங்களம் வாசிக்கத் தெரிந்த மஸூதா அதை வாசித்துவிட்டு, “இதுல நீங்க மரவள்ளிக் கொழ குடுத்துத்தான் மாடு செத்ததெண்டு எழுதி ஈக்குதே. நீங்களே சொன்னதா கையெழுத்தும் ஈக்குது” என்றார். சங்கத்தின் 14ஆம் விதிப்படி, தீனியில் கவனயீனத்தால் மாட்டைச் சாகவிட்ட அங்கத்தவரிடமிருந்து திட்டத்தில் பிறந்த மற்ற மாட்டையும் எடுக்கலாம். 28ஆம் திகதி கிடாரியை எடுக்கத் தீர்மானித்திருப்பதாகக் கடிதம் சொல்கிறது. அதற்குத் தங்கள் ஒப்பம் தேவை என்றும் அதே விதியில் இருக்கிறது. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

12. ஐயா, பச்சை மரவள்ளிக் குழை மாட்டுக்கு விஷம் என்பது எனக்குத் தெரியும். அதையும் சொல்லித் தந்தவர் அவரே. காட்டுப்பன்றித் தொல்லையால் எங்கள் பாதையில் மூன்று வருடமாக ஒருவரும் மரவள்ளி நடுவதில்லை. கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம், நேரில் வந்தும் பார்க்கலாம். பொய் சொல்வதென்றாலும் எங்கள் தோட்டத்தில் இருக்கும் ஒரு குழையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். என் தோட்டத்தை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

13. 11ஆம் திகதி அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. “சங்கம் பெருசா, ஒரு மாடு பெருசா, நீயே யோசிச்சுப் பாரு. பொங்கல்னு எழுதினா ஹோட்டல்காரன் இனி வருவானா? ஒனக்கு அடுத்த வருஷம் வேற கன்னு பாத்துத் தர்றேன்” என்றார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மாடு செத்ததைப் பிழை என்று விட்டுவிடலாம், பிழை யாருக்கும் வரும். டொக்டர் வருகிறார் என்று என்னை ரோட்டில் நிறுத்தியது பிழையல்ல. என் கையெழுத்தை என் கழுத்துக்கே கயிறாக்கியதும் பிழையல்ல.

14. அன்று எடுத்த படங்களை அந்த ஹோட்டல் தனது முகப்புத்தகப் பக்கத்தில் போட்டிருக்கிறது. சுட்டி செத்து ஒரு மாதமாகிறது, அங்கே இன்னும் பொங்கல் தின்றுகொண்டிருக்கிறது. ஒன்பது படங்களின் பிரதி இணைப்பு 2. பின்னால் தெரியும் பானையைப் பார்க்கவும். முதல் படத்தில் நிறைந்திருக்கிறது, கடைசிப் படத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கைகளுக்குக் கீழே தெரியும் கறுத்த கை என்னுடையது. தன் கண்ணால் கண்டதை மஸூதா எழுதித் தந்திருக்கிறார், அது இணைப்பு 3. அவரிடம் நிற்பது சுட்டியின் மூத்த கன்று. அதையும் எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் எழுதித் தந்தார்.

15. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

(அ) மரண அறிக்கையில் மரவள்ளி என்பதை வெட்டி, உண்மையான காரணத்தை எழுத வேண்டும். சினைப் பசுவுக்கு எட்டுக் கொத்து அரிசிப் பொங்கல் ஊட்டப்பட்டது, செயலாளரின் சொற்படி, உரிமையாளரின் கையால் என்று எழுதவும். என் பங்கை மறைக்க வேண்டாம். அது மறைந்தால் அடுத்த தைப்பொங்கலுக்கு இன்னொருத்தி கை நீட்டுவாள்.

(ஆ) ஜனவரி 15, 16ஆம் திகதிகளில் தங்களுக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்பதை எழுத்தில் தர வேண்டும்.

(இ) கிடாரியைக் கொண்டுபோகும் கடிதத்தில் தங்கள் ஒப்பத்தை இடாதிருக்க வேண்டும்.

16. இறுதியாக ஒன்று. அந்தக் கிடாரியும் தாயைப் போலத்தான். அந்நியர் கயிற்றைப் பிடித்தால் நகராது, காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். 28ஆம் திகதி வருபவர்கள் இழுத்துப் பார்ப்பார்கள். முடியாமல் போனதும், நீயே முன்னால் நடந்து வேனில் ஏற்றிக் கொடு, ஒன் வாசம் பட்டா வரும் என்று என்னிடம்தான் சொல்வார்கள். கூப்பிட்டால் அது வரும் ஐயா, என் கையை அது இன்னும் நம்புகிறது. ஒருமுறை இந்தக் கையை மற்றவர் கைக்குக் கீழே வைத்தேன். இரண்டாம் முறை வைக்க மாட்டேன். அந்த நாள் வருவதற்குள் தாங்கள் தலையிட்டு நீதி செய்யுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

எனக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் எழுதி, முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை வாசித்துப் பார்த்த பின் கையொப்பமிடும்,

(ஒப்பம்)
கணபதி மேனகா

இடம்: பல்லேபொல
திகதி: 2025.02.20

இணைப்புகள்: 1. தீவன வகுப்புக் கொப்பியின் பக்கம். 2. படங்கள் ஒன்பது. 3. மஸூதாவின் வாக்குமூலம்.

பிரதி: பிரதேச செயலாளர் அவர்கள், பல்லேபொல.