பன்னிரண்டாவது படத்துக்கு நான் வாங்கிய அடி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வாழும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், மேலே எங்கேயோ வாடகையில்லாமல் படுத்திருக்கும் உனக்கும் ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்வது: இன்று காலை பத்து மணியளவில், உன் கேமராவின் தோல் உறைக்குள் ஒரு கரப்பான்பூச்சி மனைவி மக்களுடன் குடிபுகுந்திருப்பது தெரியவந்தது. காலி செய்ய மறுத்த குடும்பத் தலைவர் செருப்படியால் இயற்கை எய்தினார். ஊர்வலம் கிடையாது. மிச்சத்தை எறும்புகள் பார்த்துக்கொள்ளும்.

உறையை வாசலில் உதறியபோது அந்த வாடை வந்தது. பழைய தோல், பாச்சை உருண்டை, நடுவில் லேசாக மீன் கவிச்சி. முதல் இரண்டும் கேமராவுடையவை. மூன்றாவது உன்னுடையது.

மாமு, நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மரியாதையாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கே வருகிறது? உன் கண்ணீர் அஞ்சலி பேனர் கண்முன் வந்து நிற்கிறது. ஊரார் மூஞ்சியை எல்லாம் படம் எடுத்த உனக்கு உருப்படியாக ஒரு படம் இல்லை. போனில் இருந்ததெல்லாம் நாக்கைத் துருத்தியது, நாய்க்காது வைத்தது. கடைசியில் பாலிடெக்னிக் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். கோழி திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தாய். தெருமுனையில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் முதுகில் ஒன்று வைத்தார். உனக்காக நான் வாங்கிய அடிகளில் அது சின்னது.

அந்தக் கேமரா சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கிடைத்தது. மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் அலமாரிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்குள் இந்தப் பெட்டி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேலே ஒரு மூடி. அதைத் திறந்து தலையைக் குனிந்து பார்த்தால், உள்ளே சதுரக் கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். பழைய அகல ஃபிலிம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். நான் அதைப் பார்த்து, “இன்னா மாமு இது, டிபன் கேரியருக்குக் கண்ணு மொளச்சிகீது” என்றேன். நீயோ குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

அதன் ரகசியத்தை முதலில் கண்டுபிடித்தவன் நீதான்.

“போன தூக்கனா எல்லாம் மூஞ்சிய கழுவிகினு வந்து நிக்கிறானுங்க. இத்த வயித்துல வெச்சிகினு தலைய குனிஞ்சா எவனும் கண்டுக்க மாட்டான். எவன்கிட்டயோ திட்டு வாங்கிகினு நிக்கிறேன்னு நெனச்சிப்பான்” என்றாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது நம் கூட்டுத் தொழில். நான் போய் யாரையாவது வம்புக்கு இழுப்பேன். நீ பின்னால் தலைகுனிந்து, உலகத்திலேயே நல்ல பிள்ளையாக நிற்பாய். அவர் முகம் மாறும் நொடியில் ‘டிக்’. கொசு தும்மினால்கூட அதைவிடச் சத்தம் கேட்கும். வியாசர்பாடி மைதானத்தில் ஏழு கோல் வாங்கிய கோல்கீப்பரிடம் போய், “அண்ணாத்தே, நம்ம படகுக்கு வந்துடு. உன் வலைலதான் ஒரு மணி நேரத்துல ஏழு மாட்டுது” என்றேன். அவன் என்னைப் பாலம் வரை துரத்தினான். அந்தப் படத்தில் அவன் மூக்கு விடைத்திருப்பதைப் பார்த்தால் ரயில் எஞ்சினே பயப்படும்.

நாம் நல்லவர்கள் இல்லை மாமு. கன்டெய்னர் யார்டு வாசலில் ஒரு வயதான வாட்ச்மேன் இருந்தாரே. “தாத்தா, உம்புள்ள உன்ன வூட்டுக்குள்ள வுட மாட்டானாமே, அதான் வாசல்லயே வேல வாங்கிகினியா?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ‘டிக்’. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் படம் வேண்டாம் என்று நச்சரித்தேன். நீ சிரித்தாய்.

“நீ வாய். நான் கண்ணு. வாய்க்கு இன்னாத்துக்கு வருத்தம்? துண்றதுக்கு மட்டும் தெறந்தா போதும்.”

என் வாயைப் பற்றி நான் சும்மா பெருமை அடித்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நான் கோபப்படுத்த முடியாத ஆள் கிடையாது. ஒரே ஒருத்திக்கு மட்டும் என் வாய் பால்வாடி. உன் அம்மா. நம் குப்பத்தில் எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு முறை என்பதால் எனக்கு அத்தை. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட் ரோட்டில் கடை போடும் அத்தை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “வந்துட்டான்டா தண்டச்சோறு, வூட்ல அரிசி கீதான்னு மோப்பம் புட்ச்சிகினு” என்று ஆரம்பித்தால், தட்டு கழுவும்வரை அதே சொல் இரண்டாம் தடவை வராது.

முந்தின வருஷத்து மழைக்காலம் முடிந்த கையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. விடவில்லை. உன் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கலவரம் பண்ணுகின்றன என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது. “மூணாவது லென்ஸு வந்துடுச்சி மாமு” என்று உன் மண்டையைத் தட்டினேன். நீ சிரித்தாய். அத்தை சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் வசவு நின்றது. என்னைப் பார்த்தால், “வா கண்ணு, சாப்ட்டியா?” கேட்கும்போதே கண் நிறைந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

உனக்கு அதைவிட மோசம். ஒருநாள் அத்தை கடைக்குப் போனதும் சொன்னாய்:

“எங்கம்மா என்ன திட்டி நாலு மாசம் ஆவுது மாமு. வேணும்னே சோத்த கீழ தள்னேன். ‘பரவால்ல ராஜா’ன்னுது. ராஜாவாம்! அது மனசுல என்ன பொதச்சி மேல பூவும் போட்டுட்ச்சி.”

கேமராவை மடியில் எடுத்து வைத்தாய்.

“இதுல ஒரே ஒரு படம் பாக்கி கீது. பன்னண்டாவது. நாளன்னிக்கி அட்மிட் ஆவணும். வருவேனோ வரமாட்டேனோ. அதுக்குள்ள எங்கம்மா கோவமா ஒரு படம் வோணும். பழைய அம்மா. நீ வர வெய்யி.”

“அத்தைக்கா? மூணு டயலாக்கு மாமு. ரெண்டாவதுலயே செருப்பு பறக்கும், பாரு” என்றேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு இருக்கும். அத்தை வாசற்படி வெளிச்சத்தில் அரிவாள்மனை போட்டுச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கேமரா, தலை குனிந்து. தூங்குகிறாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் நடுவில் போய்க் குந்தினேன்.

“அத்தே, இந்த மீனு போன அமாவாசைக்கி செத்ததா, அதுக்கு முந்தின அமாவாசையா?”

பழைய அத்தையாக இருந்தால் செவுள் என் மூஞ்சியில் ஒட்டியிருக்கும். “கவிச்சியா அடிக்குது கண்ணு? உனக்கு வேற வாங்கியாரவா?” என்றாள்.

“இல்ல அத்தே, நீ காலைல ஏலத்துல கத்துனியே, கப்பல் ஹாரன்னு நெனச்சி ஹார்பர்ல கேட்ட தொறந்துட்டானுங்களாம்.”

அதற்குச் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதடு கோணிக்கொண்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மூன்றாவது வெடியைக் கொளுத்தினேன். “உம்புள்ள பத்தாவதுலயே சிகரெட்டு குட்ச்சான், தெரியுமா?”

“குட்ச்சா குட்ச்சிட்டு போறான். எங்கண்ணு முன்னாடி இருந்தா போதும்.”

நீ கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்காமலே முணுமுணுத்தாய்: “இன்னாடா, நாக்குல துரு புட்ச்சிகீதா?”

நாலாவதாக நான் சொன்னேன்:

“அத்தே, இவன் போனதுக்கு அப்பால அந்த கேமரா எனக்குதான? வேற எவனுக்காச்சும் தூக்கி குட்த்துறாத. இப்பவே சொல்லிடு.”

அரிவாள்மனை சத்தம் நின்றது. அத்தை எழுந்தாள். கையெல்லாம் செதில்.

“அட கட்டைல போறவனே! எம்புள்ள உசுரோட குந்திகினு கீறான், அவன் கண்ணு முன்னாடியே பங்கு கேக்குறியாடா? உனக்கு சோறு போட்ட கைய வெட்டிக்கணும்டா! பேமானி! எறங்குடா வெளிய!”

சொல்லிக்கொண்டே கையிலிருந்த சங்கராவால் வாயோடு சேர்த்து அடித்தாள். முள் கீறி உதடு கிழிந்தது. பின்னால் ‘டிக்’ கேட்டது. பிறகு நீ கத்தினாய்: “வுட்டுடாதம்மா, முதுவுல ஒண்ணு குடு!”

அத்தை உன் பக்கம் திரும்பினாள். “கூட்டுக் களவாணியாடா நீயும்? வந்தன்னா தெரியும், புட்ச்சி இழுக்க மண்டைல முடிகூட இல்ல!”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியே நின்றாள். நீ சிரித்தாய் பார், நாற்காலி வழுக்கி, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வர. அவளுக்கும் வேறு வழியில்லை. சிரித்துக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். சாயங்காலம்வரை நிறுத்தவில்லை. நீ தண்ணி குடித்த விதத்துக்கு, காலை நீட்டிய விதத்துக்கு, பிறந்த நேரத்துக்கு. நீ இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டாய்.

அந்த ஃபிலிம் சுருளைக் கழற்றினால், அதன் காகித வாலை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டும், தபால் உறை மாதிரி. மருந்தில் உன் வாயெல்லாம் புண். “வாய் நீதான. நக்கி ஒட்டு” என்று நீட்டினாய். பசையோடு என் உதட்டு ரத்தமும் ஒட்டியது.

மவுண்ட் ரோடு பக்கத்து லேபில் கழுவி, மூன்றாம் நாள் படங்களை என் போனுக்கு அனுப்பினார்கள். வார்டில் உனக்குக் காட்டினேன். சதுரத்துக்குள் அத்தை. வீசிய கை காற்றில் கலைந்திருக்கிறது, கண் இரண்டும் அவ்வளவு தெளிவு. ஓரத்தில் கறுப்பாக என் பின்மண்டை. விரலால் பெரிதாக்கி அவள் நெற்றி நரம்பைப் பார்த்தாய். “ஷார்ப்பா கீது” என்றாய். கொஞ்சம் கழித்து, “எங்கம்மாடா” என்றாய். அதன்பிறகு ஒன்பது நாள்தான்.

போவதற்கு முன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். “நான்தாம்மா அவன பேச சொன்னேன், அவன் மேல கோச்சிக்காத.” கருமாதி முடிந்த மறுநாள் அத்தை கேமராவை இரண்டு கையாலும் எடுத்துவந்து கொடுத்தாள். “அன்னிக்கி நடிப்புக்கு கேட்ட. இப்ப நெசமாவே உனக்குதான் கண்ணு” என்றாள். அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு, பிளாஸ்டிக் உறையில் கடைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மீன் வாங்க வருகிறவர்களிடம், “எம்புள்ள ஆசப்பட்டான்னு இந்தப் புள்ள எங்கிட்ட வாய் கிழிய அடி வாங்கிச்சி” என்கிறாள்.

நானும் விடுவேனா? குப்பத்துப் பசங்களிடம் இதுவரை இருபது தடவை சொல்லியிருப்பேன். முதல் மூன்றும் வேண்டுமென்றே லேசாக விட்டவை, ஆளைச் சாய்த்து வைத்து நாலாவதில் போடுவதுதான் டெக்னிக் என்று. அவர்களும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். உதட்டுத் தழும்பை மெடல் மாதிரி காட்டுகிறேன்.

டெக்னிக் ஒன்றும் கிடையாது மாமு. முதல் மூன்றுதான் ராத்திரி உட்கார்ந்து யோசித்து மனப்பாடம் பண்ணியவை. நாலாவதை நான் யோசிக்கவே இல்லை. அதற்குப் பத்து நாள் முன்பே, உன் உடம்பு போகிற போக்கைப் பார்த்துவிட்டு, அந்தக் கேமராவுக்குப் புதிதாக ஒரு தோல் வார் வரவழைத்து என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அன்றைக்கு மூன்று தடவை தோற்று உன் பக்கம் திரும்பியபோது, நான் பார்த்தது உன்னை அல்ல, உன் மடியை. நான் நடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டேன். அத்தை சரியான ஆளைத்தான் அடித்தாள்.

நீ அந்தக் கண்ணாடியில் குனிந்துதான் இருந்தாய். மூஞ்சி படிக்கிறவன் நீ. என் மூஞ்சி உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்படியும், ‘அவன் மேல கோச்சிக்காத’ என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். எரிச்சலாக இருக்கிறது.

அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கடைவரை போனேன். “இன்னா கண்ணு வோணும்?” என்றாள். கால் கிலோ நெத்திலி என்றேன். நிறுத்துவிட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போட்டாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு தடவையும்.