P போட்ட பதினொரு பேர்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. உலு திராம் முச்சந்தியில் முழங்கால் தண்ணீர். வேலைக்கு இருபது நிமிடம் தாமதம். சப்பாத்து இன்னும் காயவில்லை.

டாக்டர் ஷர்மிளா ஒரு வேலை கொடுத்திருக்கிறார். எங்கள் டயாலிசிஸ் சென்டர் தொடங்கிய நாளிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் எக்செல்லில் ஏற்ற வேண்டும். யார் எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு கோடு வரைய வேண்டும். 19ஆம் தேதி கமிட்டிக் கூட்டத்துக்கு. "பயப்படாதீங்கக்கா, நாலே நாலு காலம்தான்" என்றார். எக்செல் காலமா, ஆயுட்காலமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. படித்த பிள்ளை, கோபித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை:
– பழைய ரெஜிஸ்டர் மூன்றையும் எடுப்பது. (எனக்கு முன்னால் இங்கே கிராணியாக, அதாவது கிளார்க்காக, இருந்த மாணிக்கம் அண்ணன் எழுதியவை. மார்ச்சில் ஓய்வு பெற்றார்.)
– மகள் யாழினிக்கு கிராஃப் நோட்டு
– கு.வுக்கு பிரஷர் மாத்திரை
– தீபாவளி முறுக்கு மிச்சத்தை கு. கண்ணில் படாமல் யாருக்காவது கொடுப்பது. உப்பு.
– கு.விடம் 18ஆம் தேதியைப் பற்றிப் பேசுவது. கத்தாமல்.

கு. என்றால் குணசேகரன். கட்டிய கணவரை ஓர் எழுத்தாகச் சுருக்கினால் கோபமும் கொஞ்சம் சுருங்குகிறது. இரண்டு கிட்னியும் கைவிடப் போகிற நேரம். 18ஆம் தேதி ஆஸ்பத்திரியில் கையில் ஒரு சின்ன ஆபரேஷன். இரண்டு இரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்து, பிறகு டயாலிசிஸ் ஊசி போட இடம் தயார் செய்வார்கள். அது ஆறி வலுப்பட வாரக்கணக்கில் ஆகும். இப்போது விட்டால் அப்புறம் அவசரத்தில் கழுத்தில் குழாய் சொருகுவார்கள். இதை நாற்பது தடவை சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: "அந்த நாற்காலியில உக்காந்தவன் எவனும் எழுந்து வந்ததில்ல."

நான் சம்பளம் வாங்குவதே அந்த ஆறு நாற்காலிக்கு நடுவில். ஊர்ப்பட்டவர்களுக்குத் தேதி வாங்கிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரரை ஒரு தேதிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். பேன்ட்ரியில் மறுபடி ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று.

முப்பத்தைந்து பெயர். நாலு காலம்: பெயர், வந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி, நிலை. இறந்திருந்தால் 1. இல்லாவிட்டால் 0.

எக்செல் தேதியைத் தலைகீழாகப் படிக்கிறது. 3/7 என்று அடித்தால் அதற்கு மார்ச் 7. அதன் கணக்கில் ஒரு சீன ஆன்ட்டி இங்கே வந்து சேர்வதற்கு நாலு மாதம் முன்பே இறந்திருக்கிறார். சிஸ்டர் ரோஸ்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அலாமாக்! அப்ப ஆறு மாசமா நாம யாருக்கு ஊசி போட்டோம், பேய்க்கா?" அவர் மலாய்க்காரர், இங்கே வந்தே ஒரு வருடம்தான், ஆனால் தமிழில் என்னை மிஞ்சுவார். மதியம் வரை எல்லாத் தேதியையும் திருத்தினேன்.

ரெஜிஸ்டரில் இன்னும் வருகிற இருபத்து நாலு பேருக்கு எதிரே ஒன்றும் இல்லை. பதினொரு பேருக்கு எதிரே சிவப்பு மையில் P. P என்றால் போயிட்டாங்க. வேறென்ன. பதினொன்றுக்கும் 1 போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

கோடு வந்துவிட்டது. பார்க்கச் சறுக்குமரம் மாதிரி இருந்தது. டாக்டர் சிரித்தார். "படிக்கட்டா வரணும்க்கா. ஒருத்தர் இறக்குற வரைக்கும் கோடு சமமா போகணும். இறந்த அன்னைக்கு மட்டும்தான் இறங்கணும்." அதற்கு ஒவ்வொரு மாதத்தையும் இரண்டு தடவை எழுத வேண்டும், பழைய அளவோடு ஒன்று, புதிய அளவோடு ஒன்று. கணக்கு சுலபம்தான்: மேல் கட்டத்தில் இருப்பதை, (1 − இறந்தவர் ÷ அன்றுவரை இருந்தவர்) ஆல் பெருக்கு. ஐந்தாம் வகுப்புப் பின்னம். யாழினியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன், அதற்கு ஓர் ஏளனச் சிரிப்பும் வாங்கிக்கொண்டேன்.

படிக்கட்டு வந்தது. இறங்கு இறங்கென்று இறங்கி, கடைசிப் படி பாதிக்குக் கீழே.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கு. சொன்னதுதான் சரியோ என்று முதல்முறையாகத் தோன்றியது. பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "P எல்லாத்துக்கும் 1 போட்டீங்களா? P-ன்னா பிண்டா இல்லையா?"

பிண்டா. மலாயில் இடம் மாறிப் போவது. வேறு சென்டருக்குப் போனவர்கள். எனக்கு இது தோன்றவே இல்லையே!

மாணிக்கம் அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் கோழி கூவியது.

"அண்ணே, ரெஜிஸ்டர்ல P-ன்னா என்னண்ணே? பிண்டாவா, போயிட்டாங்களா?"

"ரெண்டும்தான்மா."

"என்னண்ணே ரெண்டும்?"

"செத்தவங்களுக்கு M போடச் சொன்னாங்க. மெனிங்கால். எனக்குக் கை வரலம்மா. நேத்து வரைக்கும் எங்கூட உக்காந்து கதை பேசுன மனுசன். போயிட்டாருன்னு P போட்டேன்."

"அப்ப வேற ஊருக்கு மாறுனவங்க?"

"அவங்களும் போயிட்டாங்கதானே?"

திட்ட வாயெடுத்தவள் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். டாக்டர் சொன்னார்: மாறிப் போனவரை இறந்தவராக எழுதக் கூடாது. அந்தத் தேதிவரை இருந்தார், அதற்கப்புறம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவருக்கு 0. அவருக்காகப் படி இறங்காது. இதற்கு சென்சர் என்று பெயராம். சினிமாவில் வெட்டுவதுபோல் இல்லை, நம் பார்வையை விட்டுப் போனவர்.

ஆக, பதினொரு வீட்டுக்கும் நானே கூப்பிட வேண்டும். உயிரோடு இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பது?

நவம்பர் 8, சனி

அரை நாள் வேலைக்கு வந்தவள் ராத்திரிவரை இருந்துவிட்டேன். போன் மேல் போன். "இருக்காரா?" என்று மட்டும் கேட்பதென்று முடிவு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற கேள்வி.

முதல் போன், தெப்ராவ் ஊரில் ஒரு வீடு. ஓர் அம்மா எடுத்தார்.

"ஐயா இருக்காரா?"

"இல்லியே, போயிட்டாரே."

"ரொம்ப வருத்தம்மா. எப்ப?"

"இப்பத்தான், அஞ்சு மணிக்கு. பாசார் மாலாம் சந்தைக்கு. நீங்க எதுக்கு வருத்தப்படுறீங்க?"

1ஐ அழித்து 0. அந்த அம்மாவிடம் என்ன உளறினேன் என்று நினைவில்லை. இரண்டு தெரு தள்ளிப் புது சென்டர் வந்ததும் அங்கே மாறிக்கொண்டாராம், நாலு வருடமாக.

மூன்றாவது வீட்டில் மகன். "அப்பா போன வருசம் தவறிட்டாங்க, மாசி மாசம்." அப்புறம், "சென்டர்லேர்ந்து இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களே, நன்றிங்க." ஞாபகம் வைத்திருந்தது நான் இல்லை, ஒரு P. கட்டத்தில் 1 ஏற்கெனவே இருந்தது. நான் எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அடுத்த எண்ணுக்குப் போகக் கால் மணி நேரம் ஆனது. மாணிக்கம் அண்ணனுக்கு ஏன் கை வரவில்லை என்று புரிந்தது.

இதுவரை ஏழு வீடு. நாலு 1, மூன்று 0.

நவம்பர் 10, திங்கள்

மழை. மாத்திரை வாங்கியாயிற்று. முறுக்கை எங்கள் தெரு மலாய்ப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், டப்பா திரும்பி வரவில்லை.

மிச்சம் நாலு வீடு. இரண்டு 0. ஒரு நம்பர் யாரும் எடுக்கவில்லை, அதையும் 0 போடச் சொன்னார் டாக்டர், கடைசியாகப் பார்த்த தேதியோடு. கடைசி ஆள் செல்வராஜ். ரெஜிஸ்டரில் இருந்தது சிங்கப்பூர் நம்பர், எப்போதோ செத்துவிட்டது. நம்பரைச் சொல்கிறேன். அடியில் பென்சிலில் மகளின் நம்பர்.

"செல்வராஜ் அண்ணன் இருக்காரா?"

"நான்தான் பேசுறேன். ஏன், செத்துட்டேனான்னு பாக்கவா?"

மெர்சிங்கில் மகள் வீட்டோடு இருக்கிறாராம். திங்கள், புதன், வெள்ளி அங்கே டயாலிசிஸ். மற்ற நாள் தீவுப் படகு கிளம்புகிற துறையில் டிக்கெட் கிழிக்கிறார். மூன்று வருடம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் 0 வாங்கி அழுதிருக்கிறேன். ஒரு 0 போட்டதற்குக் கண் கலங்கியது இன்றைக்குத்தான்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். கு. கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"எந்தச் செல்வராஜ்? புருவத்துல வெட்டு இருக்குமே, கப்பல் பட்டறையில வேலை செஞ்சவரா?"

அவரேதான். இருவரும் பல வருடம் ஒன்றாக மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள். கு. இன்றும் போகிறார். அவர் எங்கள் சென்டரில் சேர்ந்த பிறகு கு. ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். அப்போது நான் இங்கே இல்லை. இரண்டாம் தடவை போனபோது நாற்காலியில் வேறு யாரோ. கவுண்டரில் கேட்டதற்கு, "போயிட்டாருப்பா" என்றிருக்கிறார் மாணிக்கம் அண்ணன். போன் போட்டால் எடுக்கவில்லை. இவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கோயிலுக்குப் போய் மோட்ச விளக்கு ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்று வருடமாக இவர் மனதிலும் ஒரு P இருந்திருக்கிறது. அதற்கு இவர் தானாகவே 1 போட்டுக்கொண்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

செல்வராஜ் அண்ணனுக்குப் போன் போட்டு, விளக்குக் கதையைச் சொல்லிவிட்டு, கு.விடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில். யாழினியும் கிராஃப் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"டேய் குணா! எனக்கு மோட்ச விளக்கு போட்டியாமே?"

"ஆமாண்ணே."

"நெய்யா, நல்லெண்ணெயா?"

"நெய்தான்."

"அப்ப சரி. மரியாதை குடுத்திருக்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. பிறகு செல்வராஜ் அண்ணன், கையில் தைத்த இடத்தில் மோட்டார் ஓடுவதுபோல் விர்ரென்று சத்தம் வரும், கேள் என்று போனைக் கையில் வைத்துக் காட்டினார்.

"ஒன்னும் கேக்கலண்ணே."

"நேர்ல வந்து காத வச்சுக் கேளு. உன் தேதி என்னைக்கு?"

கு. போனை என்னிடம் நீட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். தேதியை நான்தான் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

புதுக் கோடு. நாலே நாலு படி. கடைசிப் படி பாதிக்கு மேலே, நன்றாக மேலே. இன்னும் இருக்கிறவர்களுக்கும் மாறிப் போனவர்களுக்கும் கோட்டின்மேல் சின்னச் சின்னதாக + குறி. அதைக் கொண்டுவர அரை நாள். வண்ணம் நீலம். டாக்டருக்குத் திருப்தி. "ஆனா ஒருத்தர் பேரச் சொல்லி, இவருக்கு இவ்ளோ நாள்னு இது சொல்லாதுக்கா" என்றார், நான் கேட்காமலேயே. தெரியும். இருந்தும் ஒரு பிரதி எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன், மறந்து வைத்ததுபோல்.

கு. அதன்மேல் மருந்து டப்பாவை வைத்தார். பிறகு டப்பாவை நகர்த்தினார்.

"இந்தச் சிலுவையெல்லாம் செத்தவங்களா?"

"சிலுவை இல்லீங்க. கூட்டல் குறி. அவங்கதான் இருக்கிறவங்க."

விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். உதடு அசைந்தது. முப்பத்தொன்று. எண்ணி முடித்து, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க எவ்வளவு பாடு!

நவம்பர் 17, திங்கள்

யாழினிக்குச் சளி. ஒழுக்குக்கு ஆள் வந்தான், பார்த்தான், போய்விட்டான்.

படுக்கப் போகும்போது கு.: "நாளைக்கு என்னை எழுப்பாத. நானே எந்திரிச்சுக்கிறேன். வேலை இருக்கு."

வேலையாம். ஆபரேஷனுக்கு முதல் நாள் பேசுகிற பேச்சா? சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

நவம்பர் 18, செவ்வாய்

வானம் வெளுத்திருக்கிறது. நான் எழுந்தபோது அவர் பக்கம் காலி, மோட்டாரும் இல்லை. பாலம் தாண்டியிருப்பார் என்று நினைத்தேன். பாலில்லாத தே ஓவில் சர்க்கரையும் போட மறந்து அப்படியே குடித்தேன். வேலைக்கு வந்தேன். ஒரே கடிதத்தை மூன்று தடவை அடித்தேன். ரோஸ்னா இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

பத்து மணிக்குப் பொறுக்கவில்லை. அவர் போனுக்குப் போட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

"குணசேகரன் இருக்காரா?"

"இல்லம்மா, போயிட்டான்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

"செல்வராஜ் அண்ணே? எங்க போயிட்டாரு?"

"உள்ளதான். ஆபரேஷனுக்கு. இப்பத்தான் கூட்டிட்டுப் போனாங்க. போன், மோட்டார் சாவி, என்னமோ மடிச்ச பேப்பர் ஒன்னு, எல்லாத்தையும் என் கையில குடுத்துட்டுப் போயிட்டான். போன்ல கூப்பிட்டான், விடியக்காலையில என் மக என்னைக் கார்ல கொண்டாந்து விட்டா. உங்கிட்ட சொல்ல வேணாம்னான், நீ பயப்படுவியாம்."

நான் பயப்படுவேனாம்!

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். எப்படிக் கிளம்பினேன் என்று தெரியவில்லை. ரோஸ்னா குடையைக் கையில் திணித்தார், மழையே இல்லை. வேலை நேரப் புத்தகத்தில் என் பெயருக்கு நேராக வெளியே போகும் காரணம் எழுத வேண்டும். எழுத நேரமில்லை. P என்று மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.