பந்து செத்த பிறகு கத்தவும்

பிப். 5, வியாழன்

விடியலில் பனி. எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். கன்டெய்னர் யார்டில் இன்று வண்டி வரிசை மெயின்ரோடு வரை. கேட்டில் நின்று சீல் நம்பர் பார்த்து எழுதி, லாரி டிரைவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. மைக் கேட்டு மூன்று மாதம். "உனக்கு எதுக்கும்மா செல்வி மைக்கு, ஹார்பர் வரைக்கும் கேக்குது" என்கிறார் சூப்பர்வைசர். பாராட்டா, நக்கலா, தெரியவில்லை.

வாங்க வேண்டியது: வாழைத்தண்டு, கோஸ், புளி, அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சேகரின் அத்தோ வண்டியில் (பர்மா நூடுல்ஸ்) கூடமாட நின்றேன். அம்மா வழக்கம்போல ஸ்டூலில். கடைக்கு வழக்கமாக வரும் கார் டிரைவர் கொருக்குப்பேட்டை பாபு வண்டியைக் கொண்டுவந்து ஓரங்கட்டினான். நுங்கம்பாக்கத்தில் நடக்கும் டென்னிஸ் போட்டிக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு இந்த வாரம். பின்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முதுகில் ஆள் உயரப் பை.

"யக்கா, இந்தப் பொண்ணு ரெண்டு நாளா சரியா துன்னல. பர்மாவாம். நம்ப கடை ஞாபகம் வந்துச்சு, அப்டியே இட்டுகினு வந்துட்டேன்."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "தமின் சாபீபீலா?" என்றாள். சாப்பிட்டியா என்று. அந்தப் பெண் திகைத்துப்போனாள். நானும்தான். அம்மா ஒன்பது வயதில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவள். இங்கே பள்ளிக்கூடத்தில் பர்மாக்காரி, பர்மாக்காரி என்று கேலி செய்தார்களாம், அன்றோடு சரி. வீட்டுக்குள் எங்களைத் திட்ட மட்டும் அந்தப் பாஷை. வெளியே ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்று நடுரோட்டில், பஸ் ஹாரனை மீறிக்கொண்டு.

பெயர் தீரி. வயது 22. இரண்டு தட்டு அத்தோ, மூன்று கிண்ணம் வாழைத்தண்டு சூப். உங்கம்மா சின்னப்பிள்ளை மாதிரிப் பேசுகிறார் என்று என்னிடம் அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள். அம்மாவிடம் சொன்னேன்.

"ஒம்போது வயசுல நின்னுபோன பாஷை. வேற எப்டி வரும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிப். 6, வெள்ளி

யார்டில் ஒரு சீல் உடைந்த பெட்டி. அரை நாள் அதற்கே போயிற்று. தைலம் மறந்தேன், திட்டு வாங்கினேன்.

தீரி மறுபடி வந்தாள். பாபுவும் அம்மாவும் மாறி மாறிக் கேட்டதில் விஷயம் புரிந்தது. நாளையும் ஞாயிறும் தகுதிச் சுற்று. இரண்டிலும் ஜெயித்தால்தான் பெரிய போட்டிக்குள் நுழையலாம். செவ்வாயன்று தொடங்கும் பெரிய போட்டியை நெட்டில் நேரலையாகக் காட்டுவார்கள். தகுதிச் சுற்றைக் காட்ட மாட்டார்கள். இவள் அப்பா ஊரில் படகுத்துறையில் வேலை. மகள் வெளிநாட்டில் ஆடி ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் தகுதிச் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருக்கிறாள். கூட வர கோச் கிடையாது, துணை கிடையாது.

"கைதட்ட ஒரு ஆளு கூடவா இல்ல? அப்ப நாம இன்னாத்துக்கு கீறோம்?" அம்மா.

"டென்னிஸ பத்தி உனக்கு இன்னா அத்தே தெரியும்?" சேகர்.

"கைதட்ட தெரியும்."

பிப். 7, சனி

எனக்கு இன்றும் நாளையும் ஆஃப். எண்ணூரில் ரயில் ஏறி, பீச்சில் மாறி நுங்கம்பாக்கம். போனவர்கள்: நான், அம்மா, சேகர், எதிர்வீட்டு லில்லி, லில்லி தம்பி, பாபு. ஆறு பேர். பாபுவைத் தவிர நாங்கள் எல்லாருமே எண்ணூர் பர்மா நகர்க்காரர்கள், அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள்.

உள்ளே போகக் காசு கேட்கவில்லை. ஓரத்து மைதானம், நாலு படிக்கட்டு, மொத்தமே பத்துப் பேர் பார்க்கிறார்கள். அதில் ஆறு பேர் நாங்கள். ஆஸ்பத்திரி மாதிரி அமைதி.

அம்மா கணக்குக் கேட்டாள். பாபு சொன்னான்: பதினஞ்சு, முப்பது, நாப்பது.

"நாப்பதா? நாப்பத்தஞ்சு தானே வரணும்? மீதி அஞ்ச எவன் துன்னான்?"

"ஆட்டத்த பாரு யம்மா" என்றான் பாபு.

முதல் பாயிண்டுக்கே லில்லி தம்பி விசில். உயர நாற்காலியில் இருந்த நடுவர் "கொய்ட் ப்ளீஸ்" என்றார். "ப்ளீஸ்னு மருவாதியா தானே கேக்கறாரு, ஆவட்டும்" என்று அம்மா எல்லாரையும் அடக்கினாள். அப்புறம் பாபு விதி சொல்லிக்கொடுத்தான். பந்து உயிரோடு இருக்கும்போது மூச். செத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். அதன் பிறகு ஒவ்வொரு பாயிண்டுக்கும் அம்மா, "செத்துச்சா? செத்துச்சா?" பாபு தலையாட்டினதும் "அவுன் பாசே!" என்று ஒரு கூப்பாடு. ஜெயிக்கட்டும் என்று அர்த்தம். எதிரி ஜப்பான் பெண். பாவம், மிரண்டுவிட்டாள்.

6-3, 6-4. தீரி ஜெயித்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். அம்மா என்னிடம், "எலும்பும் தோலுமா கீது. நாளைக்கு முட்ட சேத்து குடுக்கணும்."

தைலம் வாங்கியாயிற்று.

பிப். 8, ஞாயிறு

நேற்று நாங்கள் கத்தியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். யார்டு வாட்ஸப் குரூப்பில், கூட வேலை செய்யும் குமார் அதைப் போட்டு, "நம்ம கேட் அக்கா பர்மா கட்சி" என்று எழுதியிருக்கிறான். இன்று தீரிக்கு எதிரி ஒரு சென்னைப் பெண். அதையும் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறான். கீழே இன்னொருத்தர்: "இந்தியப் பொண்ணுக்கு எதிரா கத்துறவங்க அங்கேயே போய்டலாமே." அதற்குக் கட்டைவிரல் போட்டவர்களில் சூப்பர்வைசரும் ஒருவர்.

அந்தக் கட்டைவிரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினோரு வருஷம் அந்த கேட்டில் நிற்கிறேன்.

சேகர் வேண்டாம் என்றார். "வண்டிக்கு வர்றவங்க இன்னா நெனப்பாங்க? இன்னிக்கு ஒரு நாளு வூட்ல இருந்துடலாம் செல்வி." பயந்த சுபாவம், ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே நினைப்புதான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

அம்மா முட்டை உரித்துக்கொண்டே கேட்டாள். "அந்த ஊரு நம்பள போன்னு சொல்லிச்சு. வாஸ்தவம். இந்தப் பொண்ணா சொல்லிச்சு? இது அப்ப பொறக்கவே இல்ல. பசின்னு வந்துச்சு, நம்ப கையால துன்னுச்சு. அதுக்கு கத்தாம வேற எவளுக்குடி கத்துவேன்?"

அப்புறம், "நீ வர்லன்னா போ. எனக்கு ரயிலு தெரியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம். அவள்மேல் இல்லை, என்மேல். குரூப்பில் ஒரே வரி போட்டேன்: "ஆமாம். இன்னிக்கும் போறேன்." போனை அணைத்துவிட்டேன். சேகர் சத்தம் போடாமல் சட்டை மாற்றிக்கொண்டார்.

பர்மா நகரிலிருந்து இன்று பத்தொன்பது பேர். வீடியோ பார்த்துவிட்டு வந்த கூட்டம்! ரயிலில் எங்கள் பெட்டி கல்யாணப் பெட்டி மாதிரி. சாப்பாட்டுத் தூக்கு மூன்று, தண்ணீர் கேன், தட்டுவதற்கு எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று (மைதான வாசலில் காவலர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்).

முதல் செட் போயிற்று, 4-6. சென்னைப் பெண் நன்றாகவே ஆடினாள், சும்மா சொல்லக்கூடாது. அவள் அடித்த பந்து இரண்டு தடவை வலையில் விழுந்ததும் அம்மா கைதட்டிவிட்டாள். கிள்ளினேன். "பாயிண்ட் நம்புளுக்குத் தானே வந்துச்சு?" அதற்குக் கைதட்டக் கூடாதாம், மரியாதை இல்லையாம், பாபு சொன்னான். அம்மா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "தப்புதான் கண்ணு" என்றாள். அவள் காதில் விழுந்திருக்காது. அந்தச் சென்னைப் பெண்ணின் அம்மா பக்கத்துப் படியில்தான் இருந்தார். எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் குடையை என் அம்மா பக்கம் சாய்த்துப் பிடித்தார். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் கத்துவதை நிறுத்தவில்லை.

இரண்டாவது செட் 6-3, தீரிக்கு. மூன்றாவதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் தீரி 6-5. நாப்பது–முப்பது. இன்னும் ஒரே பாயிண்ட்.

ஆட்டத்தைத் தொடங்க தீரி அடித்த முதல் அடி வலையில் பட்டு விழுந்தது. பந்து செத்துவிட்டது என்று நினைத்தேன். "தீரீ!" என்று ஒரு சத்தம் போட்டேன். யார்டு கேட்டில் போடுகிற சத்தம். இரண்டாவது அடிக்கு அவள் பந்தை மேலே போட்ட அதே நொடி. அதுவும் வலையில். பாயிண்ட் போச்சு. நாப்பது–நாப்பது.

பத்தொன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் எங்கள் பக்கம் விரல் நீட்டி ஏதோ கடுமையாகச் சொன்னார். "யக்கா, மொதல்ல வலையில வுழுந்தது முதல் சான்சு தான்க்கா, இன்னொண்ணு இருந்துச்சு" என்றான் பாபு, அழாத குறையாக. அந்த அப்பா இந்தத் தடவையும் பார்க்க முடியாமல் போனால் அது என் வாயால்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நிஜமாகவே.

அடுத்த பாயிண்ட் தீரிக்கு. அதற்கடுத்தது நீளமாகப் போயிற்று. இங்கே அங்கே, இங்கே அங்கே. கடைசியில் ஓடி வந்து வலைக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டிவிட்டாள். பந்து இரண்டு தடவை குதித்து நின்றது.

ஒருத்தரும் கத்தவில்லை. எல்லாருக்கும் பயம். தீரியே எங்களைத் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள், என்ன ஆயிற்று உங்களுக்கு என்பது போல.

"செத்துச்சா?" என்றாள் அம்மா.

"செத்துச்சு யம்மா, செத்துச்சு!"

அப்புறம் நாங்கள் போட்ட சத்தம்! பக்கத்து மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். லில்லி அழுகிறாள். சேகர், பயந்த சேகர், கம்பி வலையில் பாதி ஏறிவிட்டார். தீரி முதலில் அந்தச் சென்னைப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள், அப்புறம் எங்களிடம் வந்தாள். அம்மாவை "அமே" என்று கூப்பிட்டாள். அம்மா என்று. வியர்வையோடு கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். உடனே சிரித்துவிட்டாள். அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். என்ன பேசினார் என்று அம்மா சொன்னாள்: "செவ்வாக்கெழம வேலைக்குப் போவ மாட்டாராம்."

இந்தக் கையால் பிசைந்த அத்தோ தின்றுவிட்டு ஜெயித்தாள். எழுதி வைத்துக்கொள்கிறேன். பெருமையாக இருக்கிறது. யார் என்ன கட்டைவிரல் போட்டாலும்.

பிப். 9, திங்கள்

மேகமூட்டம். குரல் சுத்தமாகப் போய்விட்டது. கேட்டில் இன்று விசில்தான். டிரைவர்கள் சிரிக்கிறார்கள். குமார் என் கண்ணில் படாமல் சுற்றுகிறான். டீ நேரத்தில் மெதுவாக வந்து, "ஜெயிச்சுட்டாளாமே அக்கா" என்றான். முறைத்தேன். "நாளைக்கு எத்தினி மணிக்கு?" என்றான். சொன்னேன்.

நாளை பகல் பதினொன்று. பெரிய மைதானம். டிக்கெட் உண்டு. பர்மா நகரில் முப்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அம்மா எல்லாருக்கும் விதி சொல்லிக்கொடுக்கிறாள். முதல் சான்சு, ரெண்டாவது சான்சு, எல்லாம் கரைத்துக் குடித்தவள் போல.

லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தேன். உடம்பு சரியில்லை என்று எழுதினால் கேள்வியே வராது. குரலும் இல்லை, நம்பவும் செய்வார். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு எழுதினேன்: "எங்கள் ஊர்ப் பெண்ணின் டென்னிஸ் ஆட்டம் இருப்பதால் நாளை ஒரு நாள் விடுப்பு வேண்டும்."

சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஊரும்மா அந்தப் பொண்ணு?"

வராத குரலை இழுத்துப்பிடித்துச் சொன்னேன். "எண்ணூர் சார்."

கையெழுத்துப் போட்டார்.